குளிர்நீர் நகரம்: நைரோபியின் வரலாறு கற்பிக்கும் நிலைத்தன்மைப் பாடம்



நகரமயமாதலைப் பற்றி நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் பேசுகின்றன. கிராமத்து மக்கள் வேலை தேடி நகரத்துக்கு விரைந்து வருகிறார்கள். வந்தவர்களுக்கு ஈடுகொடுக்க வீடும் நீரும் சாலையும் போதவில்லை. அதனால் சேரிகள் பெருகுகின்றன, ஆறுகள் மாசடைகின்றன, காடுகள் அழிகின்றன. இந்த விளக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது 'வேகம்'. வளர்ச்சி சற்று மெதுவாக நிகழ்ந்திருந்தால் எல்லாம் சீராக இருந்திருக்கும் என்பது அதன் உட்பொருள்.

இந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி? இக்கேள்வியை ஒரே ஒரு நகரத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அந்நகரம் கென்யாவின் தலைநகரான நைரோபி.

நைரோபியைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அதன் வயது. 1899ஆம் ஆண்டில் பிறந்த அந்நகரின் ஒவ்வொரு வளர்ச்சிப் படியும் ஆவணங்களில் பதிவாகியுள்ளது. இரண்டாவது, ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பும், மனிதக் குடியிருப்புகளுக்கான அமைப்பும் அங்கேதான் தலைமையகம் கொண்டுள்ளன. உலகத்துக்கே நிலைத்தன்மையைப் போதிக்கும் அலுவலகங்கள் இயங்கும் நகரம், தன் ஆறுகளையே காக்க முடியாமல் தவிக்கிறது. மூன்றாவது காரணம் நமக்கு அண்மையானது: நைரோபியின் நிலவரைபடத்தில் தம் முத்திரையைப் பதித்த ஒருவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சிங்கப்பூரின் தெருக்களை ஆய்வு செய்தவர். அவரைப் பிறகு சந்திப்போம்.

இரயில் பாதையில் பிறந்த நகரம்

'நைரோபி' என்னும் பெயர் மசாய் மொழியிலிருந்து வந்தது. 'குளிர்ந்த நீர் உள்ள இடம்' என்பது அதன் பொருள். மேற்கே காடடர்ந்த குன்றுகள். அவற்றிலிருந்து இறங்கிவரும் சிற்றாறுகள். கிழக்கே கரிசல் மண் படிந்த சமவெளி. மழைக்காலத்தில் அச்சமவெளி சதுப்பாக மாறும். மசாய் மக்கள் அங்குத் தம் கால்நடைகளுக்கு நீர் காட்டினர். மேற்கிலும் வடக்கிலும் இருந்த மேட்டு நிலங்களில் கிக்கூயு மக்கள் பயிர் செய்தனர்.

1896இல் மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி ஆங்கிலேயர் இரயில் பாதை அமைக்கத் தொடங்கினர். அதற்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாப் பகுதியிலிருந்து, ஏறத்தாழ 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் உயிரிழந்தனர். 1899 மே மாத இறுதியில் தண்டவாளம் நைரோபிச் சமவெளியை எட்டியது. அதற்கு அப்பால் செங்குத்தான மலைச்சரிவு ஏற வேண்டும். ஆகவே, ஏற்றத்துக்கு முன் வண்டிகளை நிறுத்தவும் பழுது பார்க்கவும் சமதளமும் நீரும் தேவைப்பட்டன. இரண்டும் அங்கே இருந்தன. பொறியாளர்கள் பணிமனைக்கு இடம் குறித்தார்கள். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழப்போகும் ஊருக்கு இது ஏற்ற இடமா என்று அவர்கள் ஆராயவில்லை.

பணிமனையைச் சுற்றிக் கடைகள் எழுந்தன. அரசு அலுவலகங்கள் வந்தன. 1905இல் நைரோபி தலைநகரானது. சதுப்புநிலத்தில் வடிகால் சரிவர அமையவில்லை, நோய்கள் பரவின. 1902இல் பிளேக் நோய் தோன்றியபோது, அதிகாரிகள் இந்தியக் கடைத்தெருவுக்குத் தீ வைத்து அதை அழித்தார்கள். ஊரையே வேறிடத்துக்கு மாற்றலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஆனால், அதற்குள் போடப்பட்டிருந்த முதலீடு தடுத்துவிட்டது. 1907இல் அங்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில்கூட, இடத்தை மாற்றும் காலம் கடந்துவிட்டது என்றே தம் பயண நூலில் குறிப்பிட்டார். நகரம் தோன்றி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

இங்கே முதற்பாடம் கிடைக்கிறது. நகரங்களின் தொடக்கத்தில் எடுக்கப்படும் முடிவுகள் மிக விரைவாக இறுகிவிடுகின்றன. வேறொரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட முடிவாயினும், பின்வருவோர் அதற்குள்ளேதான் வாழ வேண்டியிருக்கிறது.

மருத்துவ அறிக்கையும் நிலப் பிரிவினையும்

இப்போது நாம் முன்னர்க் குறிப்பிட்டவரைச் சந்திக்கலாம். அவர் பெயர் பேராசிரியர் வில்லியம் ஜான் சிம்ப்சன். கல்கத்தாவின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றியவர். வெப்பமண்டல நகரங்களின் சுகாதாரத்தில் வல்லுநர் எனப் பெயர் பெற்றவர். 1906இல் அவர் சிங்கப்பூருக்கு வரவழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை, முதுகோடு முதுகாக நெருங்கி நின்ற கடைவீடுகளின் இருளையும் காற்றோட்டமின்மையையும் எடுத்துக்காட்டியது. வீடுகளின் பின்புறம் சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிங்கப்பூரின் பழைய கடைவீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இன்றும் காணப்படும் பின்சந்துகளுக்கு அந்தப் பரிந்துரை ஒரு தொடக்கம்.

அதே சிம்ப்சன் 1913இல் கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்றார். பிளேக் மீண்டும் தலைகாட்டிய காலம் அது. நைரோபிக்கு அவர் அளித்த தீர்வு வேறு வகையானது. ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் ஆகியோர்க்குத் தனித்தனிக் குடியிருப்புப் பகுதிகள் வகுக்கப்பட வேண்டும். அவற்றுக்கிடையே குடியிருப்பில்லாத வெற்றுநிலம் விடப்பட வேண்டும் என்றார். சுகாதாரத்தின் பெயரால் இனப் பிரிவினைக்கு அறிவியல் ஒப்புதல் வழங்கப்பட்டது. எலியும் தெள்ளும் பரப்பிய நோய்க்கு, மனிதரைப் பிரித்து வைப்பது மருந்தெனக் கொள்ளப்பட்டது.

1923இல் இலண்டன் அரசு வெளியிட்ட டெவன்ஷயர் வெள்ளையறிக்கை, நகரங்களில் இன அடிப்படையில் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டக் கொள்கையைக் கைவிடுவதாகக் கூறியது. எனினும், நிலவிற்பனை ஒப்பந்தங்களில் எழுதப்பட்ட நிபந்தனைகள் வழியே பிரிவினை தொடர்ந்தது. மேற்கிலும் வடமேற்கிலும் இருந்த குளிர்ச்சியான மேட்டுநிலம் ஐரோப்பியருக்கு. இங்காரா, பங்கானி போன்ற இடைப்பட்ட பகுதிகள் ஆசியருக்கு. கிழக்கே, இரயில் பணிமனைகளையும் தொழிற்பேட்டையையும் ஒட்டிய கரிசல் சமவெளி ஆப்பிரிக்கருக்கு. அக்கிழக்குப் பகுதியே 'ஈஸ்ட்லாண்ட்ஸ்' எனப் பெயர் பெற்றது.

நில அமைப்பை இங்கு ஊன்றி நோக்க வேண்டும். ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கின்றன. மேற்கே வாழ்பவர்க்குத் தெளிந்த நீர். அவர்கள் விட்ட கழிவும் நகர மையத்தின் கழிவும் கலந்த நீர் கிழக்கே வாழ்பவர்க்கு. மேட்டில் மழைநீர் வடிந்துவிடும். கரிசல் சமவெளியில் தேங்கி நிற்கும். இனத்தால் வகுத்த கோடு, சூழலியல் கோடாகவும் அமைந்துவிட்டது.

கணக்கில் வராத குடிகள்

கிழக்கே ஒதுக்கப்பட்ட ஆப்பிரிக்கரை நகர நிர்வாகம் தன் குடிமக்களாகக் கருதியதா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை. காலனி அரசின் பார்வையில், ஆப்பிரிக்கரின் நிலையான இருப்பிடம் கிராமமே. நகருக்கு அவர்கள் உழைக்க வந்த தற்காலிக விருந்தினர். முதல் உலகப் போருக்குப் பின் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின்படி, பதினாறு வயதைக் கடந்த ஒவ்வோர் ஆப்பிரிக்க ஆணும் 'கிபாண்டே' என்னும் அடையாளப் பத்திரத்தை உலோகக் கூட்டில் இட்டுக் கழுத்தில் தொங்கவிட வேண்டியிருந்தது. வேலை செய்யும் இடம், காலம், கூலி ஆகியவை அதில் பதியப்பட்டன. வேலை முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

வீடுகளும் இந்த எண்ணப்படியே கட்டப்பட்டன. அரசும் இரயில் நிர்வாகமும் நகராட்சியும் எழுப்பிய குடியிருப்புகளில் பெரும்பாலானவை தனி ஆண்களுக்கானவை. வீடு என்று சொல்வதைவிடப் படுக்கையிடம் என்று சொல்வதே பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் நகருக்கு வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டதால், குடும்பத்துக்கான அறைகளோ, போதிய பள்ளிகளோ திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆனால் குடும்பங்கள் வந்தன. திட்டத்தில் இடமில்லாதவர்கள் திட்டத்துக்கு வெளியே இடம் தேடிக்கொண்டார்கள்.

கிபேராவின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலேயரின் கிழக்காப்பிரிக்கப் படையில் பணியாற்றிய சூடானியப் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும் நகரின் தென்மேற்கே காட்டுப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். நூபியர் என அழைக்கப்படும் அவர்கள், அவ்விடத்தைத் தம் மொழியில் காடு எனப் பொருள்படும் 'கிப்ரா' என்றார்கள். 1918இல் அது இராணுவ ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. வாழ இடம் கொடுத்த அரசு, நிலவுரிமைப் பத்திரத்தைக் கொடுக்கவில்லை. பட்டா இல்லாத நிலத்தில் அரசு குழாய் பதிக்காது. உறுதியான வீடு கட்ட எவரும் துணியமாட்டார். வாடகைக்குத் தகரக் கொட்டகை போடுவதே ஆதாயம் தரும். இப்படித்தான் காடு குடிசைப் பகுதியாக மாறியது. 2017இல்தான் நூபியச் சமூகத்துக்கு 288 ஏக்கர் நிலத்தின் உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. இடையில் ஓடிய காலம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

1948இல் தென்னாப்பிரிக்க வல்லுநர் குழுவொன்று நைரோபிக்குப் பெருந்திட்டம் ஒன்றை வரைந்தது. 'குடியேற்ற நாட்டுத் தலைநகருக்கான பெருந்திட்டம்' என்பது அதன் தலைப்பு. அகன்ற சாலைகள், அரசு மையம், பசுமைத் திடல்கள், ஆப்பிரிக்கருக்கான அண்டைக் குடியிருப்பு அலகுகள் எனப் பலவும் அதில் இருந்தன. ஆனால் மேற்கு, கிழக்கு என்ற அடிப்படைக் கோடு அசையவில்லை. அதே ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 118,976. அந்த அளவுள்ள ஊருக்குத் தேவையான வீடும் நீரும் தருவது எந்த அரசுக்கும் இயலாத செயலன்று. பின்னால் வரப்போகும் நெருக்கடி அப்போதே ஈஸ்ட்லாண்ட்ஸில் கண்முன் நின்றது.

விடுதலைக்குப் பின்

1963 டிசம்பரில் கென்யா விடுதலை பெற்றது. நகரில் வாழும் உரிமைக்கு இருந்த தடைகள் நீங்கின. நகரின் எல்லையும் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதன் பிறகு எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் வளர்ச்சியை எண்களில் காட்டுகின்றன. 1969இல் 509,286, 1979இல் 827,775, 1989இல் 1,324,570, 1999இல் 2,143,254, 2009இல் 3,138,369, 2019இல் 4,397,073. ஐம்பது ஆண்டுகளில் எட்டு மடங்குக்கும் மேல்.

மாணவர்கள் இவ்வெண்களை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1969க்கும் 1999க்கும் இடையில் நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு வளர்ந்தது. 2009க்கும் 2019க்கும் இடையில் அவ்விகிதம் ஏறத்தாழ 3.4 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. வேகம் தணிந்தது, ஆனால் நீர்ப் பற்றாக்குறை தணியவில்லை, வெள்ளச் சேதமும் தணியவில்லை. வேகமே காரணம் என்னும் விளக்கம் இங்கே தடுமாறுகிறது.

புதிய அரசு பழைய வரைபடத்தின் இனக் கோட்டை அழித்தது. அதன் இடத்தில் வருமானக் கோடு வந்து அமர்ந்தது. மேற்கே விசாலமான மனைகளில் புதிய ஆப்பிரிக்க மேல்தட்டினர் குடியேறினர். கட்டட விதிகள், மனையளவு விதிகள் ஆகியவை பெரும்பாலும் காலனிக் காலத்தவையே. அந்த விதிகளின்படி ஓர் எளிய தொழிலாளி சட்டப்படியான வீட்டைக் கட்டுவது இயலாத காரியம். விதிக்கு உட்பட்ட வீடு அவருக்கு எட்டாது. எட்டும் வீடு விதிக்கு உட்படாது. மத்தாரே ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், தொழிற்பேட்டையை ஒட்டிய முக்குருவிலும், கிபேராவிலும் குடிசைகள் நெருங்கின. இன்று நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர், நகரின் குடியிருப்பு நிலத்தில் மிகச் சிறியதொரு பகுதிக்குள் அடங்கி வாழ்கின்றனர்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1973இல் 2000ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு பெருநகர வளர்ச்சித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 1975இல் உலக வங்கியின் உதவியுடன் டாண்டோராவில் ஒரு புதிய முறை கையாளப்பட்டது. அரசு வீடு கட்டித் தராது. மனை, குடிநீர்க் குழாய், கழிவறை ஆகியவற்றை மட்டும் அமைத்துத் தரும். குடும்பங்கள் தம் சக்திக்கேற்பப் படிப்படியாக வீட்டைக் கட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 6,000 மனைகள் இவ்வாறு உருவாயின. கருத்து நல்லது. ஆயினும் தேவையின் அளவுக்கு அது மிகச் சிறியது. மனை பெற்ற பலர் வாடகைக்கு அறைகளைப் பெருக்கினார்கள் அல்லது வசதி படைத்தோர்க்குக் கைமாற்றினார்கள். அதே காலத்தில் அதே டாண்டோராவில் நகரின் குப்பைக் கிடங்கும் திறக்கப்பட்டது. 2001இல் அக்கிடங்கு நிரம்பிவிட்டதென அறிவிக்கப்பட்ட பின்னும் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டு வருகிறது. நைரோபி ஆற்றங்கரையில் எழுந்த அந்தக் குப்பை மலையைக் கிளறிப் பிழைப்பவர்களும், அதன் புகையைச் சுவாசிக்கும் பள்ளிப் பிள்ளைகளும் கிழக்குவாசிகளே.

போக்குவரத்திலும் இதே பாங்கு தெரிகிறது. கிழக்கிலிருந்து வேலைக்குச் செல்வோரைச் சுமந்தவை, தனியார் ஓட்டிய 'மட்டாட்டு' சிற்றுந்துகள். அவை உரிமமின்றி ஓடத் தொடங்கி, 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் ஆணையால் ஏற்கப்பட்டன. நகரவாசிகளுள் பத்தில் நான்கு பேர் நடந்தே பயணம் செய்கிறார்கள். ஆனால் பெருஞ்செலவில் எழுந்தவை, 2012இல் விரிவாக்கப்பட்ட தீக்கா நெடுஞ்சாலையும், 2022இல் திறக்கப்பட்ட 27 கிலோமீட்டர் கட்டண விரைவுச்சாலையும். நடப்பவரைக் கணக்கில் கொண்ட நடைபாதைகள் அவ்வளவு விரைவாக எழவில்லை.

நீரின் வழி

குளிர்நீரின் பெயர் தாங்கிய நகரில் நீரின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஆறும் அருகிலிருந்த ஊற்றுகளும் போதுமானவையாக இருந்தன. பின்னர் நகரம் தன் எல்லைக்கு வெளியே கை நீட்டியது. ருயிரு அணையும், அதைத் தொடர்ந்து 1956இல் சசுமுவா அணையும், 1994இல் இண்டகாய்னி அணையும் எழுந்தன. இன்று நைரோபி அருந்தும் நீரின் பெரும்பகுதி, வடக்கே அபர்டேர் மலைத்தொடரில் பிறந்து டானா ஆற்றுக்குச் செல்ல வேண்டிய நீர். நகரம் அதைத் திருப்பிக் கொணர்ந்து, பயன்படுத்தி, கழிவாக்கி, ஆத்தி என்னும் வேறோர் ஆற்றில் விடுகிறது. கழிவுநீர்க் குழாய் எட்டாத குடியிருப்புகளின் கழிவு நேரே ஓடைகளில் கலக்கிறது. ஆத்தி ஆறு நெடுந்தொலைவு சென்று மலிந்திக்கு வடக்கே இந்தியப் பெருங்கடலில் சேர்கிறது. வழியிலுள்ள உழவர்கள் அந்நீரையே பாய்ச்சுகிறார்கள்.

நகருக்குள் நீர் பங்கிடப்படும் முறை இன்னும் கவனிக்கத்தக்கது. மேற்கே குழாய் இணைப்பு உள்ள வீட்டார் அரசு நிர்ணயித்த கட்டணம் செலுத்துகின்றனர். குடிசைப் பகுதியில் இணைப்பில்லாத குடும்பம், 20 லிட்டர் கலன் ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்பனையாளரிடம் விலை கொடுத்து வாங்குகிறது. லிட்டர் கணக்கில் பார்த்தால் ஏழையே அதிக விலை தருகிறார். பற்றாக்குறைக் காலத்தில் விலை மேலும் ஏறுகிறது. நீர் போதாதபோது வசதி படைத்தோரும் நிறுவனங்களும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றனர். நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்குகிறது. ஆக, நிலைத்தன்மை குலைவது குடிசைவாசிகளின் எண்ணிக்கையால் மட்டும் என்று கூற இயலாது. மிகுதியாக நுகர்வோர் ஓரிடத்தில் இருக்கிறார்கள். விளைவைச் சுமப்போர் வேறோரிடத்தில் இருக்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் ஒரு நல்ல திருப்பமும் நேர்ந்துள்ளது. அபர்டேர் சரிவுகளில் மண்ணரிப்பு மிகுந்தால் அணைகளில் வண்டல் சேரும் என்பதை உணர்ந்து, 2015இல் மேல் டானா நீர் நிதியம் தொடங்கப்பட்டது. மலைச்சரிவில் பயிரிடும் சிறு உழவர்கள் வரப்பு அமைக்கவும் மரம் நடவும் அது உதவுகிறது. நகரத்தின் நீர், கிராமத்து உழவரின் கையில் இருக்கிறது என்னும் உண்மையை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

பசுமைக்கு எழுந்த குரல்

நகரத்தின் பொதுநிலத்தைக் காத்த வரலாற்றில் வங்காரி மாத்தாய் அம்மையாரின் பெயர் முதலில் நிற்கும். 1977இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், கிராமப் பெண்களைக் கொண்டு மரம் நடும் பணியில் ஈடுபட்டது. 1989இல் நைரோபியின் நடுவிலுள்ள ஊஹுரு பூங்காவில் 60 மாடிக் கோபுரம் ஒன்றை எழுப்ப ஆளுங்கட்சி சார்ந்தோர் முனைந்தபோது, அவர் தனிக்குரலாக எழுந்தார். ஏளனத்துக்கும் மிரட்டலுக்கும் ஆளானார். எனினும் முதலீட்டாளர்கள் பின்வாங்கினர், பூங்கா பிழைத்தது. 1990களின் இறுதியில் நகரின் வடக்கே ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் பரப்புள்ள கரூரா காட்டின் பகுதிகள் தனியாருக்குத் துண்டாடி வழங்கப்பட்டன. 1999 சனவரியில் மரக்கன்றுடன் அங்குச் சென்ற அவரையும் உடன் சென்றோரையும் குண்டர்கள் தாக்கினர். மாணவர்களும் பொதுமக்களும் கிளர்ந்தெழுந்தனர். கரூரா இன்றும் காடாகவே நிற்கிறது. 2004இல் அம்மையாருக்கு அமைதிக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இப்போராட்டத்தின் உட்பொருளை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். கரூராவை அழிக்க முயன்றவர்கள் கிராமத்திலிருந்து விரைந்து வந்த ஏழைகள் அல்லர். பொதுநிலத்தைத் தம் சொத்தாக்க முனைந்த செல்வாக்குள்ளோர். நகர்ப்புற இயற்கைக்கு நேரும் கேட்டை மக்கள்தொகைப் பெருக்கத்தின் தலையில் கட்டிவிட்டால், இத்தகைய கைகள் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

எண்ணிக்கையும் மதிப்பும்

கிபேராவைப் பற்றிப் பேசியவர்கள் பலர், அங்குப் பத்து இலட்சம் பேர் வாழ்வதாக நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தந்த எண் 170,070. கணக்கெடுப்பில் சிலர் விடுபட்டிருக்கலாம் என்றே கொண்டாலும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி வியப்பளிக்கிறது. ஒரு குடியிருப்பை ஆண்டுக்கணக்கில் எவரும் முறையாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதே இதன் பொருள். எண்ணாத இடத்தில் எத்தனை பள்ளி, எத்தனை குழாய், எத்தனை கழிவறை தேவை என்று எப்படித் திட்டமிட முடியும்?

இக்கேள்விக்கு விடை தர முயன்றது முக்குரு. 2017இல் நைரோபி மாவட்ட அரசு அதைச் 'சிறப்புத் திட்டமிடல் பகுதி' என அறிவித்தது. ஏறத்தாழ 100,000 குடும்பங்கள் வாழும் இடம் அது. குடிசைவாழ் மக்களின் கூட்டமைப்பான 'முவுங்கானோ வா வனவிஜிஜி', பல்கலைக்கழகங்கள், சட்ட, மருத்துவ வல்லுநர்கள் எனப் பலரும் கூடினர். குடியிருப்பாளரே வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டினர். எந்தச் சந்தை அகலப்படுத்தலாம், எங்கே வடிகால் செல்ல வேண்டும் என்று தாமே கூறினர். அதன் பயனாகச் சாலைகளும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களும் உள்ளே நுழையத் தொடங்கின. குறைகள் பல உண்டு. நிலவுரிமைச் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. ஆயினும், குடியிருப்பை அகற்றாமல் அதையே நகரமாக்கலாம் என்பதை அம்முயற்சி காட்டியது.

2010இல் ஏற்கப்பட்ட கென்ய அரசியலமைப்பு, தூய சுற்றுச்சூழல், போதிய வீடு, குடிநீர் ஆகியவற்றை உரிமைகளாக எழுதிவைத்தது. 2024 மார்ச் முதல் மே வரை பெய்த பெருமழை அவ்வுரிமைகளுக்குச் சோதனையாக வந்தது. நாடெங்கும் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். நைரோபியில் மத்தாரே ஆற்றங்கரையும் முக்குருவும் வெள்ளத்தில் மூழ்கின. ஆற்றிலிருந்து 30 மீட்டருக்குள் வாழ்வோர் வெளியேற வேண்டும் என்று அரசு ஆணையிட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2018இல் ஆற்றோரம் எழுந்திருந்த சில வணிக வளாகங்களும் இடிக்கப்பட்டன என்பதையும் கூற வேண்டும். ஆனால் வெள்ளத்தில் உடைமை இழந்த குடும்பம், இயந்திரத்தால் வீட்டையும் இழந்தபின் எங்கே போகும்? ஆற்றங்கரையை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நூறு ஆண்டுகளாக நகரம் அவர்களுக்கு விட்டுவைத்த இடம் அதுதான். போகும் இடத்தைக் காட்டாமல் வெளியேற்றினால், அவர்கள் இன்னோர் ஆற்றங்கரைக்கே செல்வார்கள். அடுத்த வெள்ளம் அங்கே காத்திருக்கும்.

நாம் கொள்ளும் பாடம்

தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். வேகமான நகரமயமாதல் நைரோபியின் சிக்கல்களைப் பெருக்கியது என்பது உண்மை. ஐம்பது ஆண்டுகளில் எட்டு மடங்கு வளர்ந்த ஊரை ஆள்வது எளிதன்று. ஆனால் அச்சிக்கல்களின் வடிவத்தைத் தீர்மானித்தது வேகமன்று. நகரம் யாரைத் தன்னவராக எண்ணியது, யாரை எண்ணாமல் விட்டது என்னும் பழைய முடிவுதான் அவ்வடிவத்தைத் தந்தது. குழாயும் சாலையும் வடிகாலும் அம்முடிவின் வழியே சென்றன. பின்னர் வந்த பெருங்கூட்டம், ஏற்கெனவே வெட்டப்பட்ட அக்கால்வாயிலேயே பாய்ந்தது.

சிம்ப்சனை மீண்டும் நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். ஒரே வல்லுநர், ஓரூரில் வீட்டின் பின்னால் சந்து திறக்கச் சொன்னார். மற்றோரூரில் மனிதர்க்கிடையே வெற்றுநிலம் விடச் சொன்னார். அறிவியல் என்ற பெயரில் வரும் பரிந்துரை எதுவாயினும், அது யாருடைய நலனை மையமாகக் கொண்டது என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும். சிங்கப்பூருக்கும் நைரோபிக்கும் பின்னர் ஏற்பட்ட வேறுபாட்டை ஒரே காரணத்தில் அடக்கிவிடவும் கூடாது. தீவொன்றின் எல்லைக்குள் குடியேற்றத்தை ஒழுங்குபடுத்தக்கூடிய அரசு வேறு. பரந்த நாட்டின் கிராமங்களிலிருந்து எவரும் வந்து வாழும் உரிமையுள்ள தலைநகர் வேறு. ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறந்தால் ஒப்பீடு தற்பெருமையாக முடியும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் எந்த நகரத்தைப் பற்றிக் கற்பிக்கும்போதும் மூன்று கேள்விகளை எழுப்பலாம். இந்நகரின் நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு? திட்டம் வரைந்தபோது யாரை எண்ணினார்கள்? இக்கேள்விகளைக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பொருத்திப் பார்க்கலாம். நாம் வாழும் குடியிருப்புப் பேட்டைக்கும் பொருத்திப் பார்க்கலாம். நம் நகரங்களைக் கட்டியெழுப்பத் தொலைநாடுகளிலிருந்து வந்து தற்காலிகமாகத் தங்கும் தொழிலாளர்கள், நம் கணக்கில் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்னும் கேள்வியும் அதில் அடங்கும்.

குளிர்நீர் என்னும் பெயர் நைரோபிக்கு இன்னும் இருக்கிறது. அந்நீரை மேற்கும் கிழக்கும் ஒன்றுபோல் அருந்தும் நாள் வரும்போது, அந்நகரின் வளர்ச்சி நீடித்து நிலைக்கும் வளர்ச்சியாகும். அதுவரை, அங்கு நடக்கும் ஒவ்வொரு முயற்சியையும் நாம் அக்கறையோடு கற்று வருவோம்.